மூணு பேருக்கு அந்த ஏரி கெடையாது

ஏன்டி, உனுக்கு வேற வேலயே கெடையாதா? டூர் ஆபீஸுல சேந்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள அது ஏன் இது எதுக்குன்னு கேட்டுகினு என் வூட்டு வாசல்ல வந்து குந்திகினியே. போன்ல தட்டுனா வண்டி வருது, ரூம் வருது, பிரியாணி வருது. அதுலயே தட்டிப் பாரேன், இதுக்கும் பதிலு வருதான்னு. வராது இல்ல? அப்ப கம்முனு போவியா, அத்த வுட்டுட்டு "ஆயா ஆயா, அந்த ஏரிக்கு மட்டும் மூணு பேரா வந்தா புக்கிங் எடுக்காதன்னு டிரைவருங்க சொல்றாங்க, ஏன் ஆயா"ன்னு நச்சரிக்கிற. தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போற? தூக்கம் போவும். அவ்ளோதான் லாபம்.

சரி, குந்து. டீ கெடையாது. பால பூன குடிச்சிடுச்சி. எந்தப் பூனன்னு கேக்காத, நாந்தான்.

அந்த ஊரு பேர நான் சொல்ல மாட்டேன். அங்க இன்னும் போட் விட்டுகினு கீறாங்க, மீன் வறுத்து விக்கிறாங்க, அவங்க சோத்துல நான் ஏன் மண்ணு போடணும்? திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டும் தாண்டி உள்ள போனா வரும். சின்ன ஊரு. ஒரு ஏரி, ஒரு படித்துறை, நாலு கட, ஒரு லாட்ஜு. நம்ம கடக்கர டவுன்ஷிப்பு குவாட்டர்ஸ்காரங்களுக்கு அது ஊட்டி மாதிரி. கடலப் பாத்து பாத்து அலுத்துப் போச்சாம், ஏரியப் பாக்கணுமாம். உப்பு இல்லாத தண்ணியப் பாக்க வேன் புடிச்சிப் போன ஜனங்க நம்ம ஜனங்க.

நான் இந்த வேலைக்கு வந்த கதய ஒரு மூச்சுல சொல்லிடலாம். மூணாங்கிளாஸு தாண்டல. வூட்டுக்காரரு மீன் வண்டி ஓட்டினாரு, போய்ச் சேந்தாரு. கல்யாண மண்டபத்துல காய் நறுக்கப் போனேன், அப்டியே கரண்டி கைக்கு வந்துச்சு, கூட்டத்துக்கு உப்பு போட வந்துச்சு. டூர் நடத்தற வரதன் சாரு ஒரு நாள் என் புளிசாதத்த துன்னாரு. மறுநாளே மெட்டடார் வேன்ல பின்னாடி கேஸ் அடுப்போட சேத்து என்னையும் ஏத்திகினாரு. ஆச்சு. அதுலேந்து சமையலும் நானு, முன்னாடியே போய் எடம் பாத்துட்டு வர்றதும் நானு.

வரதன் சாரு திருவிடந்தை கோயில் குடும்பம். ஒல்லியா, நெத்தியில நாமம், கொரல ஒசத்தவே மாட்டாரு. புதுப்பட்டினம் மார்க்கெட்டாண்ட பேன்சி ஸ்டோரு மாடில ஒரே ரூம்தான் ஆபீஸு. அவரு பிளான் போடறத நீ பாத்திருந்தா சிரிச்சிருப்ப. காகிதம் கெடையாது. செருப்ப வெளிய வுட்டுட்டு, தண்ணி ஒரு மொடக்கு குடிச்சிட்டு, கண்ண மூடிக்குவாரு. அப்புறம் வாயாலயே வண்டிய எடுப்பாரு.

"ஏறிட்டாங்க. டவுன்ஷிப் கேட்டு தாண்டியாச்சு. பின் சீட்டு மாமிக்கு ஜன்னல் வேணும், மருமக குடுக்கல. திருக்கழுக்குன்றம். எறங்கறாங்க. மாமாவுக்கு அவசரம். எங்க போவாரு?"

அங்க நிறுத்துவாரு. நான் சொல்லணும். "பூக்கடைக்குப் பின்னாடி கக்கூஸு கீது சார். தண்ணி கெடையாது, கொடத்துல எடுத்துனு போவணும்."

"கொடம் ஏத்தியாச்சு"ம்பாரு. மேல போவாரு. மலை ஏத்துவாரு, எறக்குவாரு, சோறு போடுவாரு, ஒருத்திக்கு கால் பெசவும், மூவ் தைலம் தடவுவாரு. எல்லாத்தையும் திரும்ப ஓட்டிகினு வந்து, அவங்கவங்க வூட்டுக் கதவத் தொறந்து உள்ள வுட்டு, கதவு சாத்தற சத்தத்தயும் வாயால 'டக்'குனு போட்டப்புறந்தான் கண்ணத் தொறப்பாரு. அந்த 'டக்' வரலன்னா அட்வான்ஸு வாங்க மாட்டாரு.

மொதல்ல எனுக்கு இது கூத்தாத்தான் இருந்துச்சு. "சார், டிக்கெட் வாங்காமலே ஊரு சுத்தறீங்களே"ன்னு கிண்டல் பண்ணுவேன். ஒரு தபா ரிட்டயர்டு வாத்தியாருங்க கும்பலு. சாரு கண்ண மூடிகினு, "ஒருத்தர் பல்செட்ட கழட்டி டம்ளர்ல வெக்கிறாரு. யாரோ தண்ணின்னு நெனச்சு எடுத்துக் குடிக்கறாங்க"ன்னாரு. நானு வுழுந்து வுழுந்து சிரிச்சேன். டூர் அன்னிக்கி மதியம், ஏரிக்கரை லாட்ஜுல, என் கண்ணெதிர்ல டிராயிங் வாத்தியாரு அந்த டம்ளர வாயாண்ட கொண்டு போறாரு. பாஞ்சு போய்ப் புடுங்கினேன். பல்லு என் மேல வுழுந்து சிரிச்சிகினு இருந்துச்சு. எனுக்கு சிரிப்பு வரல. கையில மயிரு நட்டுகினு நின்னுச்சு.

இப்ப நீ கேட்ட விசயத்துக்கு வரேன். கால நீட்டாத, நடுவுல எழுந்து ஓடறதுக்கு வசதியா மடிச்சி வெச்சுக்க.

டவுன்ஷிப்புலேருந்து மூணு பேரு வந்தாங்க. அப்பா, அம்மா, ஒரே பொண்ணு. தின்னவேலி பக்கத்து ஜனங்க. அப்பா ஆபீஸரு, கண்ணாடி போட்டவரு, நல்ல மனுசன். பொண்ணு பேரு சொல்ல மாட்டேன்.

"அடுத்த மாசம் பிள்ளைக்குக் கல்யாணம் சார்"னாரு அப்பா. "அவ வேற வீட்டுக்குப் போயிருவா. அதுக்கு முன்னால நாங்க மூணு பேரும் மட்டும் ஒரு நாள் அந்த ஏரிக்குப் போயி படகுல சுத்திட்டு வரணும்னு கேக்கா. இதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல, பாத்துக்கிடுங்க."

பொண்ணு மேச மேல இருந்த தண்ணி டம்ளரையே பாத்துகினு இருந்துச்சு. கல்யாணப் பொண்ணுன்னா ஒரு வெக்கம் இருக்கணும், இல்ல ஒரு திமிராவது இருக்கணும். இதுக்கு ரெண்டும் இல்ல. தண்ணி, அதுலயே கண்ணு.

அம்மாக்காரிக்கு மட்டும் ஒரு கொற. "மூணு பேராப் போகக் கூடாதும்பாக. நான் ஒரு கல்ல எடுத்துக்கச் சொல்லுதேன்"னாங்க.

இந்தக் காலத்துப் புள்ள நீ, உனுக்குத் தெரியுமோ தெரியாதோ. மூணு பேரா ஒரு காரியத்துக்குக் கெளம்பக் கூடாது. வேற வழி இல்லன்னா ஒரு கல்ல எடுத்து பையில போட்டுக்கணும். அது நாலாவது ஆளு. திரும்பி வரசொல்ல எங்கனா ஓரமா வெச்சிட்டு வந்துடணும். எங்க ஆயா காலத்துலேந்து உள்ளது. பொண்ணு பாக்கப் போறவங்கூட ஜோப்புல கல்லு வெச்சுகினு போவான். பொண்ணு வூட்டுல அதுக்கும் சேத்து கேசரி வெக்க மாட்டாங்க, அவ்ளோதான்.

நாளிக்கி வாங்கன்னு சொல்லி அவங்கள அனுப்பிட்டு சாரு கண்ண மூடினாரு. வண்டி கெளம்புச்சு. மலை ஏறியாச்சு, எறங்கியாச்சு. ஏரி வந்துச்சு.

"படகு. ஏறிட்டாங்க. உச்சி வெயிலு. நடு ஏரி. அப்பா கண்ணாடியக் கழட்டி சட்ட நுனியில தொடைக்கறாரு. அம்மா கமலாப்பழம் உரிக்கறாங்க. தோலு தண்ணியில விழுது. காத்து கரைப் பக்கம் அடிக்குது, தோலு மட்டும் படகுகிட்டயே வருது. பொண்ணு குனிஞ்சு பையத் தூக்குது..."

நின்னுட்டாரு.

"இன்னா சார், துடுப்பு ஒடஞ்சுபோச்சா?"ன்னேன்.

சிரிக்கல. தண்ணி குடிச்சிட்டு மறுபடியும் மொதல்லேந்து எடுத்தாரு. அதே எடத்துல நின்னுச்சு. மூணாவது தபா போவசொல்ல அவரு நாமம் வேர்வையில கரைஞ்சி மூக்குல வழியுது.

"இருட்டா இருந்தா பரவால்ல முனியம்மா. நல்லா வெளிச்சமா இருக்கு. படகு இருக்கு. ரெண்டு பேர் இருக்காங்க"ன்னாரு.

மறுநாள் அப்பா வந்தாரு. "வேண்டாம் சார், கோயில் குளம்னு வேற எங்கயாவது போங்க"ன்னு சாரு எவ்ளோவோ சொன்னாரு. காரணம் கேட்டா இன்னான்னு சொல்லுவாரு? கண்ண மூடினேன் உங்க பொண்ணக் காணோம்னா?

"நீங்க வரலைன்னா நாங்க பஸ் ஏறிப் போயிருவோம் சார். பிள்ள ஒத்த ஆசைதான் சொல்லியிருக்கா"ன்னாரு அவரு.

அவங்களே பஸ்ஸுல போனா தொணைக்கு நம்ம ஆளு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, சாரு அத்த யோசிச்சிருப்பாரு. சரின்னுட்டாரு. அப்பா படி எறங்கிப் போனப்புறம் சாரு என்னைப் பாத்து, "நான் விட்ட எடத்துலேருந்து நீ கூட்டிகினு வா"ன்னாரு. அவ்ளோதான். எப்டின்னு சொல்லல.

வழக்கம்போல எடம் பாக்க முன்னாடியே ஒரு நாள் போனேன். படகுக்காரன் துலுக்காணம் நமக்கு பழக்கம். படகுல ஓட்ட கீதான்னு பாத்தேன், பலகய தட்டிப் பாத்தேன், மெதக்கற கோட்டு எண்ணிக்க பாத்தேன். எல்லாம் ஒயுங்காத்தான் கீது. படித்துறை ஓரமா ஒரு கல்லுக் குவியலு. தேங்கா அளவு, எலுமிச்ச அளவு, எல்லாம் கலந்து.

"இன்னா துலுக்காணம், வூடு கட்டப் போறியா?"

"அது நாலாவது ஆளுங்க யக்கா"ன்னான். "மூணு பேரா வர்றவங்க எடுத்தாறாங்க. திரும்பி எறங்கினதும் இங்க போட்டுட்டுப் போறாங்க. நான் வந்ததுலேந்து குமியுது. அத்த வூட்டுக்கு எடுத்துனு போனாலும் ஆவாது, தண்ணில போட்டா அத்தவிட ஆவாது."

"தண்ணில போட்டா இன்னாவாம்?"

"ஆளுன்னு சொல்லி ஏத்திட்டு ஆத்துல ஏரில தள்ளினா சும்மா இருக்குமா? தொணைக்கு ஆளு கேக்கும்."

உச்சி வெயிலு. மணலு காலச் சுடுது. கரையில கெடந்த வல காஞ்சி வெறச்சிகினு கீது. குனிஞ்சு ஒரு கல்லத் தொட்டேன். ஈரம். ஐஸு பொட்டியிலேந்து எடுத்த வஞ்சிரம் மாதிரி ஜில்லுன்னு கீது. இன்னொண்ணத் தொட்டேன். அதுவும் ஈரம்.

"இங்க மழ பெஞ்சுதா?"

"மழயா? ஏரியே பாதி வத்திப்போச்சு யக்கா."

"அப்ப வேர்த்துருக்கும், ஆளுங்கதான"ன்னேன். அவனும் சிரிக்கல. ஒரே வாரத்துல ரெண்டு ஆம்பளைங்க என் பேச்சுக்கு சிரிக்கல. என் பொழப்பே போச்சுடான்னு நெனச்சுகினேன்.

நாவ மரத்தடியில குந்திகினு தயிர்சோத்த பிரிச்சேன். முதுகுக்குப் பின்னால ஒரு கும்பலு கம்முனு பந்திக்கு குந்திகினு கீற மாதிரியே இருந்துச்சு. திரும்பிப் பாத்தா கல்லு. மறுபடி ஒரு வாயி வெச்சா, மறுபடி அதே. பாதி சோத்த காக்காவுக்குப் போட்டேன். ஒரு காக்கா வரல.

டூர் நாளு. கோயிலு, மல, எல்லாம் சாரு சொன்ன மாதிரியே ஒயுங்கா நடந்துச்சு. உச்சி நேரத்துக்கு ஏரிக்கர வந்துட்டோம். அம்மாவும் அப்பாவும் பழம் வாங்கப் போனாங்க. பொண்ணு பையோட அந்தக் குவியலாண்ட தனியா நின்னுகினு இருந்துச்சு. நான் பாத்தேன். அதுக்குள்ள கேஸ் டியூபு கழண்டுகிச்சுன்னு டிரைவரு கூப்ட்டான், திரும்பினேன். மறுபடி பாக்கசொல்ல பொண்ணு படகுல ஏறி குந்திகினு கீது.

நான் ஓடிப்போய் நானும் ஏறினேன்.

"நீங்க எதுக்கும்மா? சமையல் இருக்கே"ன்னாரு அப்பா.

"மூணு பேரு ஆவாதுன்னு அம்மா சொன்னாங்களே சார். கல்ல வெச்சா அது பேசவா போவுது? நான் வாய் கீற கல்லு"ன்னேன். அம்மாவுக்கு சந்தோஷம். தள்ளி எடம் குடுத்தாங்க.

துலுக்காணம் துடுப்பு போட்டான். கர சத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. மீன் கடக்காரி கத்தறது, கொயந்தைங்க கத்தறது, ஒண்ணொண்ணா நின்னுச்சு. யாரோ சுச்ச அணைக்கிற மாதிரி. நடு ஏரியில துடுப்புத் தண்ணி சொட்டற சத்தம் மட்டுந்தான்.

அப்பா கண்ணாடியக் கழட்டினாரு. சட்ட நுனியில தொடச்சாரு.

நான் பொண்ணு பக்கம் நவுந்து குந்திகினேன்.

அம்மா கமலாப்பழம் உரிச்சாங்க. தோலு தண்ணியில வுழுந்துச்சு. என் மூஞ்சில அடிக்கிற காத்து கரைப் பக்கம் போவுது, தோலு மட்டும் மெதுவா, நாய்க்குட்டி மாதிரி, படகுகிட்டயே வருது. பொண்ணு குனிஞ்சுச்சு, பையத் தூக்க.

நான் பாஞ்சி புடுங்கிட்டேன். புடுங்கின கை அப்டியே கீழ போச்சு. அவ்ளோ கனம். மடியில வெச்சி வாயத் தொறந்தேன். கல்லு. ஒண்ணு இல்லடி, பை நெறைய. எல்லாம் ஈரம். பாசி வாசன. என் சீலயில தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது, நிக்கவே இல்ல. பையோட வாரு பொண்ணு கையில ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. பையி வுழுந்தா பொண்ணும் வுழும்.

"குடுங்க ஆயா. நேரமாச்சு"ன்னுச்சு.

அழுதுகினு சொன்னா தேத்தலாம். கோவமா சொன்னா ஒரு அற வுடலாம். இது பஸ்ஸு வந்துருச்சுன்னு சொல்ற மாதிரி சொல்லுது. கண்ணு என்னப் பாக்கல. தண்ணியில யாரோ கீற மாதிரி அங்கயே பாக்குது.

கல்ல எடுத்து தண்ணியில வீசிடலாம்னு கை போச்சு. துலுக்காணம் சொன்னது ஞாபகம் வந்து கைய மடக்கிகினேன். அவன் பாத்தான், படகத் திருப்பினான். துடுப்பு போடறான், போடறான், படகு நவுரல. ஆழத்துல எவனோ புடிச்சிகினு கீற மாதிரி நின்ன எடத்துலயே ஆடுது. அப்பாவும் அம்மாவும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறாங்க, ஒண்ணும் புரியல.

எனுக்கு சாமி பேரு கூட வரல. வாயில வந்தது வரதன் சாரு பேச்சுதான். கண்ண மூடிகினேன். பொண்ணு கைய வாரோட சேத்துப் புடிச்சிகினேன்.

"பொண்ணு பையக் கேக்குது. கெழவி குடுக்கல"ன்னு சத்தமா சொன்னேன். "துலுக்காணம் படகத் திருப்பிட்டான். கர வந்துச்சு. எறங்கறாங்க. அப்பா வழுக்கறாரு, பொண்ணு புடிச்சுக்குது. வேன் ஏறியாச்சு. திருக்கழுக்குன்றத்துல காப்பி. பொண்ணுக்கு சக்கர கம்மி. அம்மா மல்லி வாங்கி வெச்சி வுடறாங்க. டவுன்ஷிப் கேட்டு. வாட்ச்மேன் சலாம் போடறான். வூடு. கதவு தொறந்தாச்சு. உள்ள போய்ட்டாங்க. டக்."

கண்ணத் தொறந்தேன். படகு அதே எடத்துல. சாரு பிளான் அந்த 'டக்'கோட முடிஞ்சுரும். அதுக்கு மேல எனுக்குத் தெரியாது. ஆனா பொண்ணு கை இன்னும் தண்ணிப் பக்கமே இழுக்குது. வூட்டுக்குள்ள கொண்டு போய் வுட்டா மட்டும் பத்தாதுன்னு அப்பதான் எனுக்கு ஒறச்சுது.

நானே இட்டுக்கட்டினேன். "ரசம் ஊத்தி துன்றா. படுத்துக்கறா. அம்மா பக்கத்துல படுத்துக்கறாங்க. விடிஞ்சுபோச்சு. எழுந்துக்கறா. பல்லு தேய்க்கிறா. பேஸ்ட்டு தீந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சண்ட போடறா."

பொண்ணு மொத தபா என் மூஞ்சப் பாத்துச்சு.

"அப்புறம்?"னு கேட்டுச்சு.

"அப்புறம் இன்னா? நாஸ்தாதான்"ன்னேன்.

"அப்புறம்?"

"கல்யாணம் வேணுமா வேணாமான்னு அம்மா கேக்கறாங்க. அவ வாயத் தொறந்து சொல்றா."

அவ்ளோதான். பொண்ணு ஓன்னு அழுதுச்சு. அம்மா பழத்த போட்டுட்டு வந்து கட்டிகினாங்க. படகு ஒரு குலுக்கு குலுக்கிட்டு நவுந்துச்சு. துலுக்காணம் திரும்பியே பாக்காம துடுப்பு போட்டான்.

கரையில எறங்கி ஒவ்வொரு கல்லா எடுத்து குவியல்லயே வெச்சேன். வெக்கசொல்ல ஒவ்வொண்ணுக்கும், "வா மாமா, வா சித்தப்பா, பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் நாளு கீது, இப்ப போய் படு"ன்னு சொல்லிகினே வெச்சேன். பொண்ணு அழுகயோட சிரிச்சுச்சு. அப்புறம் என் காதாண்ட வந்து, "நான் ஒண்ணுதான் எடுத்தேன் ஆயா. அம்மா எடுக்கச் சொன்ன ஒண்ணு. மத்தது எப்பிடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல"ன்னுச்சு.

அது பொய்யா நெசமான்னு நீ கேக்காத. அந்தப் பொண்ணே அள்ளிப் போட்டுகினு இருக்கலாம். இல்ல அதுங்களே ஏறிகினு வந்திருக்கலாம். நான் குழப்பிக்கல. ரெண்டுல எதுவா இருந்தாலும் பொண்ண கரைக்குக் கொண்டாறணும், கொண்டாந்துட்டேன்.

அந்தக் கல்யாணம் நடக்கல. ஏன்னு அவங்க சொல்லல, நான் கேக்கல. அப்பா ஆபீஸுக்கு வந்து சாரு கையப் புடிச்சிகினு நின்னுட்டுப் போனாரு. பொண்ணு மேல படிச்சுது, வேலைக்குப் போச்சு, தானே ஒருத்தன பாத்துக்கிச்சு, இப்ப ரெண்டு புள்ள. அன்னிலேந்து சாரு மூணு பேருக்கு அந்த ஏரி கெடையாதுன்னுட்டாரு. நாலு பேரா வா, ரெண்டு பேரா வா, தனியா கூட வா. மூணுன்னா கெடையாது. இப்ப தெரிஞ்சுதா? நல்லா தூங்கு போ.

இன்னும் எழுந்துக்கலியா? அக்கம்பக்கத்துல இன்னா சொன்னேன்னு கேக்கறியா?

அத்தயும் கேட்டுக்க. டவுன்ஷிப்புல பாதி வூட்டுக்கு எங்க தெருப் பொம்பளைங்கதான் பாத்திரம் வெளக்கப் போவாளுங்க. இவளுங்க காதுல ஒரு வார்த்த வுழுந்தா பொண்ணு பேரு ஊரெல்லாம் நாறிடும். அன்னிக்கி நான் வேன்லேந்து எறங்கசொல்ல மடி பூரா சொட்ட சொட்ட ஈரம். எதிர் வூட்டு கன்னியம்மா புடிச்சிகினா. "இன்னா முனிம்மா, சீல இப்டி கீது? ஏரில எவனா வுழுந்துட்டானா?"

"எவனும் வுழல"ன்னேன். "நடு ஏரியில படகு ஆடுச்சுடி. பயத்துல சீலயிலயே ஒண்ணுக்குப் போய்ட்டேன்."

தெருவே சிரிச்சுது. வருசக்கணக்கா சிரிச்சுது. மார்க்கெட்டுல மீன் வாங்கப் போனா, "ஆயா வருது, தண்ணி காட்டாத"ம்பானுங்க. போறவன் வர்றவன் எல்லாம் என்னப் பாத்தான், அந்தப் பொண்ண எவனும் பாக்கல.

சீலய அன்னிக்கே தொவச்சி கொடியில போட்டேன். மறுநாளு கத்திரி வெயிலு. கன்னியம்மா மதியம் வந்து தொட்டுப் பாத்துட்டு, "இன்னாடி இது, இன்னும் சொட்டுது?"ன்னா.

"நேத்து கனாவுலயும் அதே படகுல ஏறிட்டேன்டி"ன்னேன்.